வலியான்

(இலக்கிய வட்டத்தின் திங்கட்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகுமா?' என்றொரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. தகுதிக்கு மீறி ஆசைப்படுகிறவரை இடித்துரைக்க அதனைக் கையாளுகிறோம். சிறியது என்றும் சிறியதே, பெரியது என்றும் பெரியதே என்னும் தீர்ப்பு அதனுள் அடங்கிக் கிடக்கிறது. இத்தீர்ப்பைச் சொன்னவர் வானத்தை அண்ணாந்து பார்த்துத்தான் சொன்னாரா என்னும் ஐயம், அரசலாறு கடலோடு கலக்கும் இடத்தில் சித்திரை மாதத்துக் காலைப்பொழுதொன்றில் நிற்பவர்க்கு எழாமற் போகாது.

சிறு படகுகள் கரைசேர்ந்து மீன் பிரிக்கும் நேரம் அது. மணலெங்கும் காக்கைகள். கழிமுகத்தின் மேலே செம்பருந்து ஒன்று வட்டமிடுகிறது. வெண்மையான தலையும் மார்பும், செங்காவி நிறச் சிறகும் கொண்ட இப்பறவையைத்தான் நாம் கருடன் என்கிறோம். குடமுழுக்கின்போது கோபுரத்திற்கு மேல் வந்தால் கைகூப்புகிறோம். தெருவில் நடக்கையில் கண்டாலும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். வட்டமிட்டவாறே அது கரையோரப் பனைகளின் பக்கம் சாய்கிறது. உடனே ஒரு பனையிலிருந்து கன்னங்கரிய சிறு பறவை ஒன்று எழுகிறது. அதற்குப் பிளவுபட்ட நீண்ட வால். அது நேரே கருடனிடம் செல்வதில்லை. கருடனையும் கடந்து மேலே ஏறுகிறது, ஏறிய உயரத்திலிருந்து சிறகை ஒடுக்கிக்கொண்டு கருடனின் முதுகின்மேல் விழுகிறது, கொத்துகிறது, விலகுகிறது, மறுபடியும் ஏறுகிறது. கருடன் பக்கவாட்டில் புரண்டு நகங்களை நீட்டிப் பார்க்கிறது. பயனில்லை. திருமாலைச் சுமக்கும் பறவை கடற்பக்கம் திரும்பிப் போய்விடுகிறது. சிறிது தொலைவு தொடர்ந்து சென்று வழியனுப்பிவிட்டுக் கரும்பறவை தன் பனைக்கு மீள்கிறது.

வாலையும் சேர்த்து அளந்தால் அக்கரும்பறவையின் நீளம் 31 செ.மீ. அளவினது, அதிலும் பாதி வால். கருடனின் நீளம் 48 செ.மீ. எடையிலோ ஏறத்தாழப் பத்து மடங்கு வேறுபாடு. அச்சிறு பறவை உயரப் பறந்தது பருந்தாவதற்காக அன்று. பருந்தின் முதுகை அடைய வேண்டுமானால் பருந்துக்கு மேலே இருந்தாக வேண்டும். பழமொழியின் கணக்கில் இப்படியொரு தேவை சேர்க்கப்படவேயில்லை.

கரிச்சான், கரிக்குருவி, இரட்டைவால் குருவி எனப் பலவாறு வழங்கப்படும் இப்பறவை காரைக்காலில் எவரும் அறிந்ததே. மின்கம்பியிலும், மேயும் மாட்டின் முதுகிலும், வயலில் உழவர் நட்டுவைக்கும் பறவைத் தாங்கியிலும் அமர்ந்து பூச்சிகளைப் பிடித்துண்பது. நெற்பயிர்க்கு நண்பன். ஆங்கிலேயர் இதனைக் காக்கைகளின் அரசன் என்னும் பொருள்படப் பெயரிட்டனர். வடவர் 'கோத்வால்' என்பர். நகர்க்காவல் அதிகாரிக்குரிய பெயர் அது. கூடுகட்டும் பருவத்தில் காக்கையோ பருந்தோ வல்லூறோ தன் மரத்தை அணுகினால் ஆணும் பெண்ணுமாக எழுந்து விரட்டியடித்துவிட்டுத்தான் ஓயும். இதனால் விளையும் ஒரு புதுமையைப் பறவையியல் அறிஞர் சலீம் அலி போன்றோர் குறித்துள்ளனர். மாங்குயில், கொண்டைக்குருவி, புறா முதலிய சாதுவான பறவைகள் கரிச்சான் கூடு கட்டிய மரத்திலேயே தாமும் கூடு கட்டிக்கொள்கின்றன. காவலரின் வீட்டுக்கு அருகில் குடியிருப்பது போன்ற ஏற்பாடு.

இங்கே புறாவைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். பருந்துக்கு அஞ்சிய புறாவுக்காகத் துலாத்தட்டில் ஏறிய மன்னனைத் தம் குலமுதல்வனாகப் போற்றியவர்கள் இந்தச் சோழ நாட்டு வேந்தர்கள். புறநானூற்றுப் புலவர்கள் ஒருவர்க்கு மேற்பட்டோர் சோழரைப் பாடும்போது அந்நிகழ்ச்சியை நினைவூட்டுகின்றனர். அரசனிடம் அடைக்கலம் புகுந்த புறாவை இலக்கியம் அறியும். கரிச்சானின் மரத்தில் அடைக்கலம் புகும் புறாவை இலக்கியம் அறிந்ததாகத் தெரியவில்லை. முன்னதில் காப்பவன் வேந்தன். தன் தசையை அரிந்து கொடுத்தான். பின்னதில் காப்பது ஐம்பது கிராம் எடையுள்ள ஓர் உயிர். அது புறாவுக்காக எதுவும் செய்வதில்லை, தன் குஞ்சுகளுக்காகச் செய்வது புறாவுக்கும் பயன்படுகிறது. அறம் என்று இதனைச் சொல்ல இயலாது. ஆயினும் நிழல் தருகிற மரத்தின் கருத்தைக் கேட்டுக்கொண்டா நிழலில் அமர்கிறோம்?

கரிச்சானின் துணிவை நம் முன்னோர் காணாமல் இல்லை. கண்டனர், வியந்தனர், விளக்கம் தேடினர். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் கரிக்குருவிக்கு உபதேசம் செய்த படலம் அத்தகைய விளக்கமே. முற்பிறவியில் அறங்கள் பல செய்து, இடையே சிறு பாவமும் செய்த ஒருவன் கரிக்குருவியாகப் பிறக்கிறான். காக்கை முதலிய பறவைகள் அதன் தலையில் கொத்திக் குருதி வழியச் செய்கின்றன. ஊரைவிட்டு ஓடிக் காட்டில் ஒரு மரத்தில் தங்கிய அக்குருவி, மரத்தடியில் சிவனடியார் மதுரையின் பெருமையை எடுத்துரைப்பதைக் கேட்கிறது. மதுரைக்குப் பறந்து வந்து பொற்றாமரையில் மூழ்கிச் சொக்கநாதரை வலம் வருகிறது. இறைவன் அதற்கு மந்திரத்தை உபதேசிக்கிறார். நலிவுசெய்யும் பறவைகளை வெல்லும் வலிமையும் 'வலியான்' என்னும் பெயரும் அதற்குக் கிடைக்கின்றன; தன் இனம் முழுமைக்கும் அவ்வரம் வேண்டுமென்று அக்குருவி கேட்டுப் பெறுகிறது.

இக்கதை மதுரையோடு நின்றுவிடவில்லை. நமக்கு அண்மையில், நாகை மாவட்டத்து வலிவலம், வலியான் வழிபட்டதால் அப்பெயர் பெற்ற தலம் என்பது தலபுராணச் செய்தி. சென்னையை அடுத்த பாடியில் உள்ள திருவலிதாயத்தில் பரத்துவாசர் கரிக்குருவி வடிவில் வழிபட்டதாகச் சொல்வர். இரண்டும் தேவாரப் பாடல் பெற்றவை. ஓர் எளிய பூச்சியுண்ணிப் பறவைக்கு மூன்று தலங்களில் கதை இருப்பது சிந்திக்கத்தக்கது. காக்கையை ஒரு குருவி துரத்துவதை மக்கள் தம் கண்ணால் கண்டனர். இயல்பாக அது நடவாது என்று எண்ணினர். எனவே 'முன்பு இது எளியதாகத்தான் இருந்தது, இறைவன் கொடுத்த வலிமை இது' என்று காரணம் கற்பித்தனர். புராணத்தை இப்படிப் படிப்பது அதன் பெருமைக்கு இழுக்கன்று. அதன் அடியில் கூர்மையான ஒரு காட்சி இருப்பதை அது காட்டுகிறது. காக்கையை ஊர்தியாகக் கொண்ட சனீசுவரர் வீற்றிருக்கும் திருநள்ளாறு நம் பகுதியிலேயே இருக்க, அதே வட்டாரத்தில் காக்கையை வென்ற குருவிக்கும் ஒரு தலம் வாய்த்திருப்பது நம் மண்ணின் நடுவுநிலைமை போலும்.

ஆனால் புராணம் தரும் விடை 'வலிமை' என்பது. அவ்விடை நம் கவிதைகளில் இன்றுவரை தொடர்கிறது. புதுக்கவிதை பெருகிய காலந்தொட்டுப் பருந்து என்றால் சுரண்டுவோன், குருவி என்றால் சுரண்டப்படுவோன் என்று ஓர் எழுதாத அகராதி உருவாகிவிட்டது. குருவி ஒருநாள் சீறி எழும்; அதன் அலகு வாளாகும்; பருந்து வீழும்; கவிதை முடியும். கரிச்சானின் அலகு வாளன்று. அது கொத்திப் பருந்து செத்ததைக் கண்டவர் அரியர். பின், பருந்து ஏன் போகிறது?

இவ்வினாவுக்கு விடை தேட, தமிழின் மிகப் பழைய சான்று ஒன்று உதவுகிறது. காலமறிதல் அதிகாரத்தின் முதற்குறளில், தன்னைவிட வலிய கூகையைப் பகலில் காக்கை வெல்வதை உவமையாக்கி, பகைவரை வெல்லக் கருதும் அரசர்க்கும் அத்தகைய பொழுது வேண்டும் என்கிறார் வள்ளுவர். பலரும் மனப்பாடம் செய்த குறள்தான். எனினும் அதில் வள்ளுவர் எதனைச் சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். காக்கையின் வீரத்தை அவர் புகழவில்லை. அதன் ஒற்றுமையைக்கூட இங்கே பேசவில்லை. காக்கை கரைந்து இனத்தோடு உண்பதை அவர் எடுத்தாண்டது சுற்றந்தழால் அதிகாரத்தில். இங்கே அவர் சுட்டுவது பொழுது ஒன்றையே.

கூகைக்குப் பகலில் கண் தெரியாது; ஆகவே காக்கை வெல்கிறது என்பது பொதுவான நம்பிக்கை. பஞ்சதந்திரத்தின் காக்கை–கூகைப் போரும் இந்நம்பிக்கையின்மேல்தான் கட்டப்பட்டுள்ளது. பகலில் குருடாகிக் குகைக்குள் அடைந்த கூகைகளை வாயிலில் விறகடுக்கித் தீ மூட்டிக் காக்கைகள் அழிக்கின்றன. உண்மையில் ஆந்தை இனங்கள் பகலிலும் பார்க்கவல்லன. காக்கைகளும் மைனாக்களும் தவிட்டுக் குருவிகளும் சூழ்ந்துகொண்டு கூச்சலிடும்போது கூகை அவற்றை நன்றாகவே காண்கிறது. அதன் கண்ணை விட்டு ஒளி போய்விடவில்லை. அது பிறர் கண்ணிற் பட்டுவிட்டது. அதுவே அதன் தோல்வி.

இது விளங்க, வேட்டைப் பறவையின் தொழிலை அறிதல் வேண்டும். வல்லூறு இலைமறைவில் அமர்ந்திருந்து அம்பெனப் பாயும். கூகை ஓசையற்ற சிறகோடு இருளில் வரும். இரை தன்னை அறியாதிருக்கும் அந்த ஓரிரு நொடியே அவற்றின் முதலீடு. மரத்திலுள்ள அத்தனை பறவைகளும் 'இதோ, இந்தக் கிளையில் இருக்கிறாய்' என்று கத்தத் தொடங்கியபின் அந்த மரத்தில் அமர்ந்திருப்பது வீண். தோட்டத்தில் இனி ஒரு குஞ்சும் அறியாமல் வெளியே வராது. ஆகவே அது எழுந்து வேறிடம் போகிறது. அலகால் பட்ட அடியைவிட இக்கூச்சலே அதற்குப் பெரிய இழப்பு. பறவையியலார் இச்செயலைத் தனியே ஆராய்ந்துள்ளனர். தமிழில் 'மொய்த்து விரட்டல்' என்று சொன்னால் பொருந்தும்.

பீட்டர் மார்லர் என்னும் அறிஞர் 1955ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, கவிஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஐரோப்பியச் சிறு பறவைகளின் எச்சரிக்கைக் குரல்களை அவர் ஒப்பிட்டார். அவை இருவகை. வல்லூறு வானில் பறந்துவரும்போது எழுப்பும் குரல் மெல்லியது, உச்சத் தொனியினது. மெதுவாகத் தொடங்கி மெதுவாகத் தேய்வது. எங்கிருந்து வருகிறதென்று கேட்பவரால் எளிதில் கண்டுகொள்ள இயலாது. குரல் கொடுத்த பறவை அக்குரலுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. மற்றது, அமர்ந்திருக்கும் ஆந்தையையோ வல்லூறையோ கண்டுபிடித்தபின் எழுப்பும் குரல். அது முரடானது, துண்டு துண்டானது, மீண்டும் மீண்டும் ஒலிப்பது. தாழ்ந்த தொனியும் உயர்ந்த தொனியும் கலந்தது. எத்திசை, எக்கிளை என்று கேட்பவர் உடனே அறியலாம். குரல் கொடுக்கும் பறவை தன்னைக் காட்டிக்கொடுத்தே பகையைக் காட்டிக்கொடுக்கிறது.

ஒரே தொண்டையிலிருந்து இருவகை ஓசை. அச்சம் ஒன்றே, வேறுபடுவது பகை எங்கே இருக்கிறது என்னும் அறிவு. பகை பறந்து வருகையில் மொய்க்கப் புறப்படும் சிறுகுருவி மடியும். பகை அமர்ந்துவிட்டபின்னும் ஒளிந்தே இருக்கும் குருவிக்குத் தோட்டம் இல்லாமற் போகும். வள்ளுவரின் 'பொழுது' இதுவே எனலாம்.

நம் நாட்டில் இவ்விரண்டாம் குரலுக்கு ஒரு பறவையின் பெயரே சான்று. வயல்வெளிகளிலும் வாய்க்கால் கரைகளிலும் திரியும் ஆள்காட்டிக் குருவி, மனிதன் வந்தாலும் நரி வந்தாலும் பருந்து வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டிவிடும். வேட்டைக்காரரின் சாபத்திற்கு ஆளான பறவை. வேட்டையாடுவோன் நோக்கில் அது காட்டிக்கொடுப்பது. வேட்டையாடப்படுவோர் நோக்கில் அது காட்டித்தருவது. 'ஆள்காட்டி' என்ற சொல்லில் இரண்டு பொருளும் இருக்கின்றன. சம்பா வயல்களின் மேல் மாரிக்காலத்தில் பூனைப்பருந்துகள் தாழப் பறந்து வரும்போது அப்பெயரின் பொருத்தம் நன்கு விளங்கும்.

இலங்கையின் சிங்கராசக் காட்டில் ஈபன் குடேல், சரத் கொட்டகம என்னும் இருவர் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது. அங்கே வாழும் துடுப்புவால் கரிச்சான் நம் கரிச்சானின் நெருங்கிய உறவு. பல இனப் பறவைகள் ஒன்றாய்க் கூடி இரைதேடும் கூட்டத்தில் அதுவும் ஒன்று. பகையைக் கண்டு மொய்க்கும்போது அது தன் குரலோடு நில்லாமல் பிற இனங்களின் மொய்க்கும் குரல்களையும் எடுத்து ஒலிக்கிறது. சிலம்பனுக்குச் சிலம்பனின் மொழி, மற்றதற்கு மற்றதன் மொழி. பன்மொழியில் அழைப்பு விடுக்கும் பறவை அது. தமிழும் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து புழங்கிய காரைக்காலார்க்கு இதன் பயனை விளக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது சிறுபறவையின் பக்கத்து நியாயம். இங்கேயே நிறுத்திக்கொண்டால் உவமை அழகாக முடிந்துவிடும். முழு உண்மை அத்தனை அழகானதன்று.

குயிலை எடுத்துக்கொள்வோம். கவிஞர் குலத்தின் செல்லப் பறவை. அதனை ஓயாமல் துரத்துவது காக்கை. குயிலின் பக்கம் நின்று காக்கையைத் தூற்றிய பாடல்களுக்குக் குறைவில்லை. குயில் காக்கையின் கூட்டில் முட்டையிட்டுக் காக்கையின் உழைப்பில் தன் குஞ்சை வளர்ப்பது. எனவே காக்கையின் சினம் நேர்மையானதே. ஆனால் அச்சினத்தையே குயில் பயன்படுத்திக்கொள்கிறது. ஆண்குயில் கூட்டருகே வந்து குரல் காட்டும். காக்கைகள் அதனைத் துரத்திக்கொண்டு தொலைதூரம் போகும். அவ்வேளையில் பெண்குயில் வந்து முட்டையிட்டுப் போய்விடும் என்பர். பகையைத் துரத்துவதிலேயே கருத்தாக இருப்பவர் வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறார்.

அக்காக்குயில் என்றொரு பறவை இருக்கிறது. தோற்றத்திலும் பறக்கும் பாங்கிலும் அது வல்லூறை ஒத்திருப்பதால் சிறு பறவைகள் பதறுகின்றன, மொய்க்கின்றன. வல்லூறைப் போல அது அவற்றைக் கிழித்துத் தின்பதில்லை. தவிட்டுக் குருவியின் கூட்டில் முட்டையிடுவது மட்டுமே அதன் குற்றம். மற்ற பறவைகளுக்கு அதனால் கேடு எதுவும் இல்லை. ஆயினும் உருவத்தைக் கொண்டே அதற்குத் தீர்ப்பு.

எல்லாவற்றினும் கலக்கந்தருவது செருமனியில் எபர்ஹார்டு கூரியோ என்பாரும் அவர் துணைவரும் நடத்தி 1978இல் வெளியிட்ட சோதனை. இரு கூண்டுகளில் இரண்டு பறவைகள், ஒன்றையொன்று பார்க்கலாம். நடுவே அறைகள் கொண்ட ஒரு பெட்டி. முதற்பறவைக்கு ஆந்தை தெரியும்படியும், அதே நேரத்தில் இரண்டாம் பறவைக்குத் தீங்கற்ற அயல்நாட்டுப் பறவை ஒன்றின் உருவம் தெரியும்படியும் பெட்டியை வைத்தனர். முதற்பறவை ஆந்தையைக் கண்டு கூச்சலிட்டது. இரண்டாவதோ, அக்கூச்சல் தன் முன்னுள்ள தீங்கற்ற உருவத்திற்கு என்று எண்ணித் தானும் கூச்சலிட்டது. பின்னர் ஆந்தை இல்லாதபோதும் அவ்வுருவத்தைப் பகையாகவே நடத்தியது. அதனிடமிருந்து மூன்றாவது பறவை கற்றது, மூன்றிலிருந்து நான்கு, இவ்வாறு ஆறு பறவைகள் வரை அப்பகை தொடர்ந்தது. பறவை உருவத்திற்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் புட்டியை வைத்தபோதும், குறைந்த அளவிலேனும், கற்றுக்கொண்டன. ஆந்தையை அறியாமலே ஆந்தைக்குரிய வெறுப்பை ஒரு புட்டியின்மேல் காட்டும் பறவை! அப்பறவையைக் குறை சொல்லவும் இயலாது. தன் முன்னோர் சொன்னதை நம்பியது. அவ்வாறு நம்பும் இயல்பினால்தான், ஆந்தையைக் கண்டிராத குஞ்சுகள் ஆந்தைக்கு இரையாகாமல் தப்புகின்றன.

இன்னொரு வகையும் உண்டு. ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலையில் வாழும் ஒருவகைக் கரிச்சான், பகை வராதபோதும் எச்சரிக்கைக் குரல் எழுப்புகிறது. இரைதேடிக்கொண்டிருக்கும் பிற உயிர்கள் அஞ்சி ஓடுகின்றன. அவை விட்டுச் சென்ற உணவை அது எடுத்துக்கொள்கிறது. காவலரே கொள்ளையடிக்கும் கதை. பல வேளைகளில் அது மெய்யான எச்சரிக்கையும் தருவதால்தான் பொய்யும் செல்லுபடியாகிறது.

கூகையின் கணக்கும் தனியே பார்க்க வேண்டியது. காவிரிப் படுகையில் நெல்லுக்கு எலியினால் விளையும் சேதத்தை உழவர் அறிவர். கூகையின் இரையிற் பெரும்பகுதி எலி. பகலில் கூகையைச் சூழ்ந்து காக்கைகள் அலைக்கழிக்கையில், வயலுக்கு நண்பனான ஒன்றைத்தான் அவை விரட்டுகின்றன. காக்கைக்கு அது பகை. உழவர்க்கு அது துணை. நம்மவரிற் பலர்க்கோ அது அபசகுனம். கரிச்சானும் கூகையும் ஒரே வயலைக் காக்கின்றன, ஒன்று பகலில், மற்றது இரவில். இவற்றுள் எதனைக் கவிஞர் கொடியதாக்குவது?

காக்கை கூகையின்மேல் பகை கொண்ட காரணத்தைப் பௌத்த சாதகக் கதை ஒன்று சொல்கிறது. பறவைகள் கூடித் தமக்கு அரசனாகக் கூகையைத் தேர்ந்தன. ஒப்புதல் கேட்டு இருமுறை அறிவித்தாயிற்று. மூன்றாம் முறை அறிவிக்கும்போது காக்கை எழுந்து, 'முடிசூட்டும் மகிழ்ச்சியான நேரத்திலேயே முகம் இப்படி இருக்குமானால் சினம் வரும்போது எப்படி இருக்கும்?' என்று கேட்டது. கேட்டுவிட்டுப் பறந்தது. கூகை அதனைத் துரத்திச் சென்றது. கூட்டம் கூகையை விட்டுவிட்டு அன்னத்தை அரசனாக்கியது. அலகும் நகமும் பின்னர் வந்தவை. பகையின் தொடக்கம் அவை நடுவே எழுந்த ஒரு கேள்வி. காக்கையின் கேள்வி சரியானதா என்று சாதகம் தீர்ப்புரைக்கவில்லை. முகத்தைப் பார்த்துக் குணத்தை முடிவு செய்த காக்கைக்கும் புட்டியைப் பார்த்துக் கூச்சலிட்ட பறவைக்கும் எவ்வளவு தொலைவு என்று நாம்தான் அளந்துகொள்ள வேண்டும்.

மகாபாரதத்தில் இதே இரு பறவைகள் வேறொரு பொழுதில் வருகின்றன. போர் முடிந்த இரவு. ஆலமரத்தடியில் உறக்கமின்றிக் கிடந்த அசுவத்தாமன், மரத்தில் உறங்கும் காக்கைகளைக் கூகை ஒன்று வந்து கொன்று குவிப்பதைக் காண்கிறான். அதனையே பாடமாகக் கொண்டு பாண்டவர் பாசறைக்குள் நுழைந்து உறங்குவோரை அழிக்கிறான். வள்ளுவர் பகலை எடுத்தார். வியாசர் இரவை எடுத்தார். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் காக்கை பகலில் ஏன் அவ்வளவு கத்துகிறது என்பது புரியும். இரவில் தன்னால் செய்யவியலாததைப் பகலில் செய்துகொள்கிறது.

இவ்வூரில் இப்பொருளைப் பேசும்போது காரைக்காலம்மையாரை நினையாதிருத்தல் கூடாது. ஆண்டுதோறும் ஆனியில் மாங்கனிகளை வாரியிறைத்து நாம் கொண்டாடும் அம்மையார், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் காட்டும் சுடுகாட்டில் கூகை பாடுகிறது. ஆந்தை கிளையில் தாவுகிறது. கழுகும் பேயோடு உடன் இருக்கிறது. அங்கே எந்தச் சிறு பறவையும் அவற்றை மொய்க்கவில்லை. காரணம் எளிது. அம்மையார் பாடுவது நள்ளிரவை. அது கூகையின் பொழுது. கூகையைப் பகைப்பொருளாகவோ அபசகுனமாகவோ கொள்ளாமல், இறைவன் ஆடும் அரங்கின் பாடகராகவே வைத்த துணிவு அம்மையாருடையது. அச்சமூட்டும் உருவத்தைத் தாமே வேண்டிப் பெற்றவர் அல்லவா? உருவத்தைக் கண்டு கூச்சலிடுவதன் பொருளை அவரைவிட அறிந்தவர் யார்?

தமிழில் காட்டுயிரைக் கண்ணாரக் கண்டு எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996) போன்றோரின் கட்டுரைகள் நம் கவியரங்குகளில் அதிகம் பேசப்படுவதில்லை. அவற்றைப் படித்தபின் பருந்து–குருவிக் கவிதை எழுதுவது கடினமாகிவிடும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எழுதினால் அது நல்ல கவிதையாக இருக்கும் வாய்ப்பும் கூடவே உண்டு. குருவி பருந்தை வீழ்த்துவதாகப் பாடும் கவிதையில் பொழுது இல்லை, மரம் இல்லை, கூட்டில் எத்தனை குஞ்சுகள் என்ற கணக்கு இல்லை. மொய்க்கப் போன குருவி சில வேளை பருந்தின் நகத்தில் சிக்கி மடிவதும் அதில் இல்லை.

கரையோரப் பனைக்கே திரும்புவோம். ஆவணி கழிந்து குஞ்சுகள் பறந்துவிடும். ஐப்பசியில் அடைமழை பிடித்து அரசலாற்றில் செந்நீர் வரும். அதே கருடன் கழிமுகத்தின் மேல் வட்டமிட்டுப் பனைகளின் பக்கம் சாயும். கரிச்சான் மின்கம்பியில் நனைந்த சிறகை உதறிக்கொண்டு அமர்ந்திருக்கும். தலையைச் சாய்த்து ஒருமுறை மேலே பார்க்கும். பெரும்பாலும் அது எழுவதில்லை. ஈசல் புறப்பட்டிருக்கிறதா என்று கீழே வரப்பைப் பார்க்கத் தொடங்கிவிடும்.